இரண்டு கிலோ

தராசைத் தொட்டது ஒரே ஒருமுறை.
ஸ்க்ரூடிரைவரின் ஒரு கால் திருப்பு.
அதற்குப் பிறகு திருடியதெல்லாம் தராசுதான்.
எபோ டாவியா வெறுமனே வாசித்தான்:
அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்தொன்றே முக்கால்.

செஃப்வி காட்டோரம், கொக்கோ பருவம்.
ஹர்மட்டான் காற்று
பேரேட்டின் மேல் தூசியை எழுதிவிட்டுப் போகும்.
கொள்முதல் கொட்டகையில் மூட்டை தொங்க,
விற்க வந்தவர்கள் முள்ளைப் பார்க்கவில்லை,
அவன் முகத்தைப் பார்த்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு
வேதபாடம் வாசிக்கும் முகம்.
அவர்கள் பிள்ளைகளுக்கு
எட்டாம் கற்பனையை
மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுத்த முகம்.

மூன்று பருவம்.
வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது,
மகனுக்குக் குமாசியில் பள்ளி வந்தது,
கோயிலுக்கு இரண்டு மின்விசிறி வந்தது.
ஒவ்வோர் இறக்கையிலும் உபயம் செய்தவன் பெயர்.
சுற்றும்போது மட்டும் படிக்க முடியாது.

பிறகு ஒரு வியாழன்.
மாதம் ஒருமுறை வரும் செவிலி டெடே லாம்ப்டி
தன் தராசின் கொக்கி முறிந்துபோனதால்
கொட்டகைத் தராசைக் கேட்டாள்.
தரமுடியாது என்பதற்கு
அவன் வாயில் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

துணித்தூளியில் கால் உதைத்தது குழந்தை.
நாலு மாதம். நாலு கிலோ.
மறுபடி ஏற்றினாள். நாலு கிலோ.
அட்டையில், சிவப்புக் கட்டத்துக்குள்
ஒரு புள்ளி வைத்தாள்.
தாய் எசி நியர்க்கோ
மார்பில் கைவைத்துக்கொண்டு
"பால் பத்தலையா?" என்று
யாரையும் கேட்காமல் கேட்டாள்.

இரண்டு கிலோ ஏறும்வரை
அந்த முள் அசையாது என்பது
அங்கே ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

சொல் வரவில்லை. கை போயிற்று.
பக்கத்துக் கடையிலிருந்து
முத்திரை பிரிக்காத உப்புப் பொட்டலம், இரண்டு கிலோ,
அவனே கொக்கியில் மாட்டினான்.
முள் சும்மா இருந்தது.
ஊர் பார்த்தது.

"உன் பாலில் குறையில்லை" என்றான் எசியிடம்.
அந்தக் கொட்டகையில்
வெகுகாலத்துக்குப் பின் ஒரு சரியான எடை.

உபதேசியார் எஃப்ரிம் அவனைத் திட்டவில்லை.
'காணிக்கை' என்று எழுதி அவன் நீட்டிய உறையைத்
திருப்பிக் கொடுத்தார்.
"ஊரை அடித்து உலையில் போட்டாய்,
அதில் ஆண்டவருக்கு ஒரு கரண்டியா?
அவரிடம் மன்னிப்புக் கேள், அது இலவசம்.
மூட்டைக்காரர்களிடம் பாக்கியைக் கொடு."
மின்விசிறிகளையும் கழற்றச் சொன்னார்.
அடுத்த ஞாயிறு
ஆராதனை முழுக்க எல்லோருக்கும் வேர்த்தது.

அந்நாட்டில் பணத்துக்குச் செடி என்று பெயர்.
தமிழில் கேட்டால் சிரிப்பு வரும்.
அவனோ வீடு வீடாய்ப் போய்ப்
பிடுங்கியதைத் திரும்ப நட்டான்.
எல்லாம் வேர் பிடிக்கவில்லை.
ஒருத்தி எண்ணி வாங்கிக்கொண்டு காறித் துப்பினாள்.
ஒருவர் செத்துப்போயிருந்தார்,
மகளுக்கு எதற்கென்றே விளங்கவில்லை.
க்வாக்யே வாங்க மறுத்துக்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"மூட்டைக்கு நான் தண்ணி தெளிச்சதுண்டு.
உன் ரெண்டு கிலோவுக்கு
என் ரெண்டு கிலோ. சரியாப் போச்சு, போ."

எவ்வளவு தித்திப்பான கணக்கு!
படி இறங்கித் தெருவரை வந்துவிட்டான்.
திரும்பிப் போய் மேசைமேல் வைத்தான்.
அவர் தண்ணீர் அவர் பாடு.

கூரை விற்றாயிற்று.
குமாசியிலிருந்து வந்த மகன்
ஓலைக்குக் கீழே பாயை விரித்தான்,
எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் செவிலி
அந்தச் சிவப்புப் புள்ளியைச் சுற்றி வட்டமிட்டு
'தராசுப் பிழை' என்று எழுதினாள்.
எபோ குனிந்து படித்தான்.
தராசு என்பதை அடித்துவிட்டுத்
தன் பெயரை எழுதச் சொன்னான்.
இடமில்லை என்றாள் அவள்,
அடுத்த குழந்தையைத் தூக்கியபடி.